வேலைய விடாமலும் கிட்டார் செய்யலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துலேர்ந்து எழுதுறேன். உங்க பேப்பரோட ஞாயிறு இணைப்ப இங்கேர்ந்து நெட்ல தவறாம படிக்கிறவன். கொஞ்ச காலமா அதுல ஒரே மாதிரி கட்டுரைங்க அடிக்கடி வருது, ஐ.டி. வேலைய விட்டுட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தவரு, பேங்க் வேலைய ராஜினாமா பண்ணிட்டு மரச்செக்கு போட்டவரு, வெளிநாட்டு சம்பளத்த உதறிட்டு மண்பானை செய்யப் போனவருன்னு. அவங்க உழைப்பு மேல எனக்கு நெஜமாவே மரியாதை இருக்கு, ஒருத்தரையும் குறை சொல்ல இத எழுதல. ஆனா எந்தக் கட்டுரைய எடுத்தாலும் வேலைய விட்ட அந்த நாள்தான் பெரிய எழுத்துல வருது, படிக்கிற பசங்களுக்கு என்ன தோணுதுன்னா ஒரு கைத்தொழில் மேல ஆசை இருந்தா சம்பளத்த விட்டாத்தான் அது ஆசை, விடலைன்னா சும்மா பொழுதுபோக்குன்னு. இது தப்புங்க. ரொம்ப தப்பு. அத சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கணும்.

நான் பகல்ல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில டிசைன் இன்ஜினியர். சாயந்திரமும் சனி ஞாயிறும் வீட்டு பேஸ்மென்ட்ல ஆர்ச்டாப் கிட்டார் செய்றேன். மரத்த உளியால செதுக்கி, கையால இழைச்சு செய்ற கிட்டார். செஞ்சத விலைக்கும் குடுக்குறேன், ஜாஸ் வாசிக்கிறவங்க வாங்கி மேடையில வாசிக்கிறாங்க. ஊருக்கு போன் பண்ணா மாமா கேக்குற முதல் கேள்வியே "எப்ப மாப்ள வேலைய விட்டுட்டு முழுசா இறங்கப் போற?"ங்கறதுதான். இங்க இருக்குற நண்பர்களும் அதையேதான் கேக்குறாங்க. பிரியத்துலதான் கேக்குறாங்க, எனக்குப் புரியுது. ஆனா நான் விடப்போறதில்ல, அது பயத்துனால இல்ல. இந்த வேலைக்கு பகுதிநேரம் நல்லாவே பொருந்துதுங்கறது என் அனுபவம், அதுக்கு காரணமும் இருக்கு.

முதல்ல ஆர்ச்டாப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன். சர்ச்லயும் காலேஜ் கல்ச்சுரல்ஸ்லயும் நாம பாக்குற சாதா கிட்டாருக்கு மேல்பலகை தட்டையா இருக்கும், நடுவுல வட்டமா ஒரு ஓட்டை, கம்பிய தாங்குற பிரிட்ஜ் அந்தப் பலகையிலயே ஒட்டியிருக்கும், கம்பி அங்கேயே முடிஞ்சுடும். ஆர்ச்டாப் அப்படியில்ல. வயலின்ல இருக்குற மாதிரி மேல்பலகையும் முதுகுப்பலகையும் நடுவுல உப்பி ஓரத்துல தாழ்ந்து இருக்கும், ரெண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவத்துல ஓட்டை, பிரிட்ஜ ஒட்டவே மாட்டாங்க, கம்பியோட அழுத்தத்துலயே அது நிக்கும், கம்பி அதத் தாண்டிப் போய் கடைசியில டெயில்பீஸ்ங்கற வால்துண்டுல மாட்டியிருக்கும். தட்டை கிட்டார்ல கம்பி பலகைய பிடிச்சு இழுக்குது, இதுல கீழ அமுக்குது. அதனாலதான் சத்தம் பட்டுனு கிளம்பி சீக்கிரமா அடங்கும், பத்து பேர் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதுற இடத்துலயும் தாளக்கட்டு தனியா கேக்கும். மைக், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் இல்லாத காலத்துல பிக் பேண்ட்னு சொல்ற பெரிய ஜாஸ் குழுக்காரங்களுக்கு அதுதான் தேவைப்பட்டுது. கவுன்ட் பேசியோட பேண்ட்ல ஃபிரெடி கிரீன்னு ஒருத்தர் இருந்தார், 1937ல சேந்தவர் 1987ல சாகுற வரைக்கும் அங்க ரிதம் கிட்டார் வாசிச்சவர், தனியா சோலோ வாசிக்கிறது ரொம்ப அபூர்வம், ஆம்ப்ளிஃபயர் இல்லாம ஆர்ச்டாப்ல கார்டு, அதாவது பல சுரத்த ஒண்ணா மீட்டுறது, அத மட்டும் போட்டுக்கிட்டே இருப்பார், அந்த பேண்டோட முதுகெலும்பே அவர்தான்னு சொல்லுவாங்க. ஒரு தடவ கேட்டுப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

நமக்கு சம்பந்தமே இல்லாத வாத்தியம்னு நினைக்க வேணாம். பண்டிட் விஷ்வ மோகன் பட் வாசிக்கிற மோகன் வீணை இருக்கே, அது ஆர்ச்டாப் கிட்டார மாத்தி, கூடுதல் கம்பிகளெல்லாம் சேத்து உருவாக்கினதுதான், அதோடதான் அவர் 1994ல கிராமி வாங்கினார். அவருக்கு முன்னாடியே பிரிஜ் பூஷன் காப்ரா மடியில வச்சு ராகம் வாசிச்சது கிப்சன் கம்பெனியோட சூப்பர் 400 ஆர்ச்டாப்ல. கம்பி மேல இரும்புத் துண்ட சறுக்கி கமகம் கொண்டு வரணும்னா இந்த மாதிரி உடம்பு நல்லா ஒத்து வரும்னு அவங்களுக்கு தோணியிருக்கு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். இந்த வாத்தியத்த யார் ஆரம்பிச்சாங்க? ஆர்வில் கிப்சன். 1856ல நியூயார்க் மாநிலத்துல பொறந்து, பொழப்புக்காக மிச்சிகன்ல கலமசூங்கற ஊருக்கு வந்தவர். அங்க அவர் என்ன வேலை பாத்தார்னா ஷூ கடையில கிளார்க், அப்புறம் ஒரு ரெஸ்டாரன்ட்ல கிளார்க். மிச்ச நேரத்துலதான் மாண்டலினும் கிட்டாரும் செஞ்சார். வயலின் மாதிரி பலகைய செதுக்கி மாண்டலின் பண்ணலாம்னு அவர் பண்ணின ஏற்பாட்டுக்கு 1898ல பேடன்ட் குடுத்தாங்க, அதே முறையில கிட்டாரும் செஞ்சார். ஒரு கடை கிளார்க் சாயந்திர நேரத்துல ஆரம்பிச்ச வேலைங்க இது! 1902ல அஞ்சு வியாபாரிங்க சேந்து அவர் பேர்ல கம்பெனி ஆரம்பிச்சாங்க, பேரையும் பேடன்டையும் 2,500 டாலருக்கு வாங்கினாங்க, அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி உலகம் பூரா தெரிஞ்ச கம்பெனியா ஆயிடுச்சு. நம்ம பேப்பர்ல இந்தக் கதைய எழுதினா 1902லேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க. எனக்கு முக்கியம் அதுக்கு முந்தின வருஷங்கதான், ஏன்னா கண்டுபிடிப்பு நடந்தது அப்பதான்.

இன்னொன்னும் சொல்லணும், ஆர்வில் பக்கச்சட்டத்தக்கூட வளைக்க மாட்டாராம், ஒரே கட்டையிலேர்ந்து அறுத்தெடுப்பாராம், வளைச்ச மரத்துல ஒரு இறுக்கம் இருக்கும், அது அதிர்வ கெடுக்கும்னு அவர் நம்பிக்கை. தஞ்சாவூர்ல ஏகாண்ட வீணைன்னு ஒரே மரத்துல குடமும் தண்டியும் குடைஞ்செடுக்குறாங்களே, அந்த எண்ணத்துக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு இது. கம்பெனி பின்னாடி அத விட்டுட்டு வளைச்ச பக்கத்துக்கு மாறிடுச்சு. நானும் வளைக்கிறவன்தான்.

அதே கம்பெனியில லாய்டு லோர்னு ஒருத்தர் 1919லேர்ந்து 1924 வரைக்கும் இருந்தார், அவர் காலத்துல, 1922ல, எல்-5னு ஒரு மாடல் வந்துச்சு, எஃப் ஓட்டை வச்சு அந்தக் கம்பெனி செஞ்ச முதல் கிட்டார் அதுதான், இன்னிக்கு நாங்க செய்றதுக்கெல்லாம் அதுதான் தாய். 1934ல 18 இன்ச் அகலத்துல சூப்பர் 400 வந்துச்சு, விலை 400 டாலர், பேரே அதுலேர்ந்துதான். அப்புறம் 1936ல கம்பியோட அதிர்வ மின்சாரமா மாத்துற பிக்கப் வச்ச இஎஸ்-150ங்கற மாடல் வந்தவுடனே கதை மாறிடுச்சு. சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் இருக்கும்போது மரம் எதுக்கு கத்தணும்? போதாக்குறைக்கு நல்லா அதிர்ற பலகை ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல போனா ஊளையிட ஆரம்பிச்சுடும். 1949ல வந்த இஎஸ்-175க்கு செதுக்கின பலகையே இல்ல, பிளைவுட் மாதிரி ஒட்டின பலகைய அச்சுல வச்சு அமுக்கி வளைச்சதுதான். நல்ல கிட்டார்தான், அத குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ நல்ல ரெக்கார்டு அதுல வந்திருக்கு. ஆனா ஃபேக்டரிக்கு உளி புடிக்கிற ஆள் அவ்வளவா தேவைப்படாம போச்சு. கலமசூ ஃபேக்டரியயும் 1984ல மூடிட்டு கம்பெனி நாஷ்வில்லுக்கே போயிடுச்சு, போக மனசில்லாத பழைய ஆளுங்க சில பேர் அதே பார்சன்ஸ் தெரு கட்டடத்துல 1985ல ஹெரிடேஜ்னு சொந்தமா ஆரம்பிச்சாங்க. அந்த உயரமான செங்கல் புகைபோக்கி இன்னமும் நிக்குது, அந்தப் பக்கம் போறப்பெல்லாம் காரை நிறுத்தி பாத்துட்டுத்தான் வருவேன்.

கையால செதுக்குற ஆர்ச்டாப் இன்னிக்கு உயிரோட இருக்குன்னா சின்னச் சின்ன பட்டறைகளாலதான். நியூயார்க்ல கென்மேர் தெருவுல ஜான் டி'ஏஞ்சலிக்கோ 1932ல கடை போட்டார், வயலின் செய்ற உறவுக்காரர்கிட்ட சின்ன வயசுலேயே தொழில் கத்துக்கிட்டவர், 1964ல சாகுறதுக்குள்ள 1,164 கிட்டார். அவர்கிட்ட வேலை கத்துக்கிட்ட ஜிம்மி டி'அக்விஸ்டோ அதுக்கப்புறம் தொடர்ந்தார். ராபர்ட் பெனடெட்டோ 1968ல ஆரம்பிச்சவர். 1990கள்ல ஸ்காட் சினரின்னு கிட்டார் சேகரிக்கிற ஒருத்தர், டி'அக்விஸ்டோ செஞ்ச நீலக்கலர் கிட்டார பாத்துட்டு, 22 பேர்கிட்ட ஆளுக்கொரு 18 இன்ச் ஆர்ச்டாப் அதே நீலத்துல செய்யச் சொல்லி ஆர்டர் குடுத்தார், அளவும் கலரும் ஒண்ணு, மத்ததெல்லாம் அவங்கவங்க இஷ்டம். ஸ்மித்சோனியன் மியூசியத்துல வச்சிருந்தாங்க அத. படத்துல பாத்தாலே தெரியும், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. கைவேலைன்னா இதுதான்.

இப்ப வேலைய பத்தி. நான் பகுதிநேரம்தான் பொருத்தம்னு ஏன் சொல்றேன்னா, இந்த வேலையில பாதிக்கு மேல காத்திருக்கிறது. ஆமாங்க, நெஜமாவே. மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ்ங்கற மெதுமரம், முதுகுக்கும் பக்கத்துக்கும் கழுத்துக்கும் மேப்பிள்ங்கற கெட்டி மரம். மரத்த வாங்கினவுடனே தொட முடியாது, அது ஏற்கனவே வருஷக்கணக்குல காஞ்ச மரமா இருந்தாலும் நம்ம பட்டறை காத்துக்கு பழகணும், மாசக்கணக்குல சும்மா அடுக்கி வச்சிருக்கணும். அப்புறம் ஒரே கட்டையிலேர்ந்து பிளந்த ரெண்டு துண்டையும் ஒரு புத்தகத்த விரிச்ச வாக்குல ரேகை ஒண்ணுக்கொண்ணு பொருந்துற மாதிரி நடுவுல சேத்து ஒட்டுவோம். சேர்ற இடத்துல வெளிச்சம் தெரியக்கூடாது, இழைப்புளிய எவ்வளவு தீட்டினாலும் தகும். ஒட்டினத அப்படியே வச்சுடணும். அப்புறம் வெளிப்பக்கம் செதுக்கல், கொட்டாப்புளி இல்லாம வயித்தால உளிய தள்ளி செதுக்குறது ஒரு சுகம், ஸ்ப்ரூஸ் சீவல் சுருண்டு சுருண்டு விழும், ஒரு பிசின் வாசனை வரும் பாருங்க, ஆபீஸ்ல என்ன நடந்திருந்தாலும் அந்த வாசனையில போயிடும்.

வெளிப்பக்க வளைவு முடிஞ்சப்புறம் உள்பக்கம். டிரில் பிரஸ்ல ஆழத்துக்கு ஸ்டாப் வச்சு பலகை பூரா ஓட்டை போடுவோம், ஒவ்வொரு ஓட்டையோட அடியும் இன்னும் எவ்வளவு மரம் விடணும்னு காட்டும், ஓட்டை மறையுற வரைக்கும் செதுக்கிட்டு வரணும். ஆனா முதல் தடவையிலேயே கடைசி அளவுக்கு போகக்கூடாது. கனமா விட்டு, பல வாரம் தொடாம வச்சுடணும். உள்ள இருந்த மரம் இத்தன காலம் வெளிக்காத்த பாத்ததே இல்ல, இப்பதான் பாக்குது, கொஞ்சம் முறுக்கும், கொஞ்சம் வளையும், அதோட ஆட்டமெல்லாம் ஆடி முடிச்சப்புறம்தான் கடைசி அளவு. நடுவுல 6 மில்லிமீட்டர், அங்கேர்ந்து மெலிஞ்சு மெலிஞ்சு ஓரத்துக்கு கொஞ்சம் உள்ள 3 மில்லிமீட்டர் வரைக்கும் வரும், ஆப்பத்துக்கு நடுவுல தடிமனும் ஓரம் மெல்லிசும் இருக்குமே அத கவுத்து வச்ச கணக்கு. இது எல்லாருக்கும் ஒரே அளவு இல்ல, எல்லா மரத்துக்கும் ஒரே அளவு இல்ல. ஒரு மரம் 6ல கட்டியா இருக்கும், இன்னொண்ணு 6லயே துவண்டுடும். பலகைய ஒரு இடத்துல ரெண்டு விரலால தொங்க விட்டு, விரல் முட்டியால தட்டிக் கேக்கணும், கையால லேசா வளைச்சுப் பாக்கணும், திரும்ப கொஞ்சம் சுரண்டணும், திரும்ப கேக்கணும். தடிமன் அளக்குற காலிபர் ஒரு அளவு வரைக்கும்தான் சொல்லும். அதுக்கு மேல நம்ம காதும் கட்டைவிரலும்தான், அந்த நேரத்துல யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

பக்கப்பலகை ரெண்டு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன், தண்ணி தெளிச்சு சூடான இரும்புக்குழாய் மேல வச்சு வளைப்போம், வளைச்சத மோல்டுல போட்டு காய விடணும். உள்பக்கம் மேல்பலகைக்கு அடியில நீளவாக்குல டோன்பார்ங்கற மரச்சட்டம் ரெண்டு ஒட்டுவோம், சிலர் எக்ஸ் மாதிரி குறுக்க வைப்பாங்க. நேரா ரெண்டு வச்சா சத்தம் குத்தலா முன்னாடி போகும், குறுக்க வச்சா கொஞ்சம் இனிமையா, நீளமா நிக்கும், எனக்கு நேரா வைக்கிறதுதான் புடிக்கும், ஏன்னா ஆர்ச்டாப்னா அந்தக் குத்தல் இருக்கணும். கழுத்தோட சாய்மானம், ஃப்ரெட், எல்லாம் சொன்னா இடம் பத்தாது. கடைசியில லாக்கர்ங்கற வார்னிஷ் மாதிரி பூச்சு, மெல்லிசா பல கோட்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காய விட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் வாரக்கணக்குல தொங்கவிடணும், மூக்கு வச்சு பாத்தா வாசனை வரக்கூடாது, அதுக்கப்புறம்தான் பாலிஷ். கம்பி மாட்டினப்புறமும் பலகை கொஞ்சம் உக்காரும், திரும்ப செட் பண்ணணும்.

இப்ப சொல்லுங்க, தினமும் எட்டு மணி நேரம் இதுக்குன்னே உக்காந்தா நான் காயுற லாக்கர பாத்துக்கிட்டுதானே இருக்கணும்? முழுநேரமா செய்றவங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க, நாலஞ்சு கிட்டார ஒண்ணா ஓட்டுவாங்க, ஒண்ணு காயும்போது இன்னொண்ண செதுக்குவாங்க, அது நல்ல வழிதான், ஆனா அதுக்கு கையில ஆர்டர் வேணும், பெரிய இடம் வேணும், மரத்துக்கு முன்கூட்டியே பெரிய பணம் போடணும், ஆர்டர் நின்னா அடுத்த மாச வீட்டு லோன் நிக்கும். ஒரு ஆர்ச்டாப்புக்கு நூத்தம்பது மணி நேரத்துக்கு மேல சாதாரணமா போகும். எனக்கு அந்த மணி நேரமெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல பரவி கெடக்கு, மரம் கேக்குற இடைவெளியும் என் வேலை குடுக்குற இடைவெளியும் ஒண்ணா பொருந்திப் போகுது.

இதவிட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. ஒரு மேல்பலகை பாதி செதுக்கினப்புறம் தட்டிப் பாத்தா செத்த சத்தம் வருதுன்னு வைங்க, இல்ல உள்ள மறைஞ்சிருந்த பிசின் பை வெளிய தெரியுதுன்னு வைங்க. அத தூக்கி ஓரமா வைக்கிற தைரியம் வேணும். என் வீட்டு அரிசிப் பருப்பு அந்தப் பலகையில இல்லைங்கறதால என்னால வைக்க முடியுது. வாடகை கட்ட வேண்டியவருக்கு அந்தத் தைரியத்துக்கு விலை ரொம்ப அதிகம், அப்படி இருந்தும் தூக்கிப் போடுற முழுநேரக்காரங்க இருக்காங்க, அவங்களுக்கு நான் கை கூப்புறேன். ஆனா சம்பளம் வாங்குறவன் கையில வேலை சுத்தம் கெடும்னு நினைக்கிறது நேர்மாறான எண்ணம்னு சொல்ல வரேன். என் ஆபீஸ் சம்பளம்தான் என் கிட்டார காப்பாத்துது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடணும். டி'ஏஞ்சலிக்கோ மாதிரி தினமும் உளி புடிச்ச கைக்கு ஒரு தெளிவு வரும், சந்தேகமே இல்லாம வெட்டும், அது வாரக்கடைசி கைக்கு சீக்கிரத்துல வராது. அதுக்கு என்ன பண்ணலாம்னா வேலை நாள்லயும் பத்து நிமிஷமாவது கீழ இறங்கணும், ஒண்ணுமில்லைன்னா உளியவாவது தீட்டணும், கை மறக்காம இருக்கும். அப்புறம் பெரிய வேலைய களைப்போட தொடக்கூடாது. பேண்ட்சாங்கற மரம் அறுக்குற மெஷின்ல விரல் போறது பெரும்பாலும் அசதியிலதான், ராத்திரி பதினொரு மணிக்கு மெஷின் ஆன் பண்ண மாட்டேன், அந்த நேரத்துல அரம், ஸ்கிரேப்பர், இவ்வளவுதான். மாஸ்க் இல்லாம இழைக்கிறதும் கூடாது, மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, லாக்கர் புகை அதவிட மோசம், வீட்ல குழந்தைங்க இருக்காங்க.

மிச்சிகன் குளிர்காலம் பத்தி தனியா சொல்லணும், இது நம்ம ஊர் வாத்தியக்காரங்களுக்கும் உபயோகப்படும். இங்க ஜனவரியில வெளிய பனி, உள்ள ஹீட்டர், அந்த ஹீட்டர் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சின மாதிரி ஆக்கிடும், ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழகூட இறங்கும். பலகை குறுக்குவாக்குல சுருங்கும், சுருங்க இடமில்லைன்னா வெடிக்கும். அதனால பேஸ்மென்ட்ல காத்துக்கு ஈரம் குடுக்குற ஹியூமிடிஃபயர் ஓடிக்கிட்டே இருக்கும், 45 சதவீதத்துக்கு பக்கத்துல வச்சுதான் பலகைய ஒட்டுவேன். சென்னையில மழைக்காலத்துல ஒட்டின வாத்தியம் இங்க குளிர்காலத்துக்கு வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இங்க இருக்குற நம்ம பிள்ளைங்க ஊர்லேர்ந்து ஆசையா கொண்டு வர்ற வீணையும் தம்பூராவும் விரிசல் விடுறது இதனாலதான், செஞ்சவர் கைய குத்தம் சொல்லக்கூடாது. வீட்ல ஒரு ஈரப்பதமானியும், வாத்தியம் இருக்குற ரூம்ல ஒரு ஹியூமிடிஃபயரும் வச்சா போதும்.

மரம் வாங்குற கஷ்டமும் பகுதிநேரக்காரனுக்கு சமமாத்தான் விழும். நம்ம மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், உலகம் பூரா கிட்டார்ல இருக்கு. 2017ல அந்த இனம் மொத்தத்தையும் சர்வதேச கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க, ஒரு கிட்டார வெளிநாட்டுக்கு விக்கணும்னாகூட பேப்பர் கேட்டாங்க, 2019 கடைசியிலதான் செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு விலக்கு குடுத்தாங்க. காட்டுல மரத்த காப்பாத்துறது நியாயம்தான், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. எப்படியும் விலை உயர்ந்த மரம்தான் நல்ல வாத்தியம்ங்கறது பாதி உண்மைதான். பெனடெட்டோ ஒரு தடவ கட்டட வேலைக்கு விக்குற, முடிச்சு விழுந்த மரத்துலயே ஒரு ஆர்ச்டாப் செஞ்சு காட்டினார், எல்லாம் செய்றவன் கையில இருக்குன்னு நிரூபிக்க. ஆரம்பிக்கிறவங்க இத மனசுல வச்சுக்கணும்.

இதையெல்லாம் உங்க பேப்பருக்கு எதுக்கு எழுதுறேன்னா, தஞ்சாவூர் வீணைய நினைச்சுத்தான். 2013ல புவிசார் குறியீடு கெடச்ச வாத்தியம். பண்ருட்டி பலா மரத்துலேர்ந்து குடம் குடைஞ்சு, மெழுகு வச்சு மெட்டு பதிக்கிற வரைக்கும், அதாவது மேளம் கட்டுறதுன்னு சொல்றாங்களே அது வரைக்கும், எல்லாம் கைவேலை. அந்த வீடுகள்ல அடுத்த தலைமுறை வேற வேலைக்குப் போகுதுன்னு உங்க பேப்பர்லயே படிச்சிருக்கேன், வருமானம் பத்தாதப்ப போகத்தானே செய்வாங்க, போகாதேன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு? ஆனா போறவன் முழுசா போயிடணும்னு யார் சொன்னது? கோயமுத்தூர்லயோ சென்னையிலயோ வேலை பாக்குற ஒரு பையன் சனி ஞாயிறு அப்பா பட்டறையில உக்காந்து வருஷத்துக்கு ஒரு வீணை செஞ்சாகூட அந்தக் கையில வித்தை இருக்கும், அவன் புள்ளைக்கு சொல்லிக் குடுக்க ஆள் இருக்கும். அவன நாம பாதி ஆளுன்னு பாத்தா அவன் வெக்கப்பட்டு அதையும் விட்டுடுவான். அந்தக் குடும்பத்துல பொறக்காத பசங்களும் கத்துக்க வரலாம், வேலைய விடாமலே வரலாம், பெரியவங்க சனிக்கிழமை மட்டும் வர்ற புள்ளைக்கும் உளி புடிக்க சொல்லிக் குடுக்கணும்னு கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

அதனால ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வேலைய விட்டவங்க கதைய போடுங்க, வேணாம்னு சொல்லல. கூடவே விடாதவங்களையும் போய்ப் பாருங்க. ஸ்கூல் டீச்சரா இருந்துக்கிட்டு மிருதங்கத்துக்கு தோல் கட்ட கத்துக்குறவங்க, ரயில்வேயில வேலை பாத்துக்கிட்டு வீட்டு மாடியில வயலின் ரிப்பேர் பண்றவங்க, இப்படி ஊருக்கு ஊர் இருப்பாங்க, அவங்கள யாரும் பேட்டி எடுக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க கதையில வேலைய விட்ட நாள்னு ஒண்ணு இல்ல. அவங்க எப்ப உக்காந்து வேலை செய்றாங்க, பணத்துக்கு என்ன பண்றாங்க, வீட்ல என்ன சொல்றாங்க, இத எழுதினா படிக்கிற பசங்களுக்கு திங்கக்கிழமை ஆபீஸ் போய்க்கிட்டே செய்ய ஒரு வழி தெரியும்.

கிட்டார் செய்ய ஆசைப்படுற வாசகர்களுக்கு ரெண்டு வார்த்தை. நேரா ஆர்ச்டாப்புல இறங்காதீங்க, பழைய உடைஞ்ச வயலினோ கிட்டாரோ வாங்கி பிரிச்சு ஒட்டிப் பாருங்க, உள்ள எப்படி இருக்குன்னு கண்ணால பாக்குறது பெரிய பாடம். முதல்ல மெஷின் வாங்காதீங்க, ரெண்டு நல்ல உளி, ஒரு இழைப்புளி, தீட்டுற கல்லு, ஸ்கிரேப்பர், தடிமன் பாக்குற காலிபர், கொஞ்சம் கிளாம்ப், இது போதும், இதுல தீட்டுற கல்லுக்குத்தான் அதிகம் செலவு பண்ணணும். ஸ்ப்ரூஸ் தமிழ்நாட்டுல வளராது, வெளியிலேர்ந்துதான் வரவழைக்கணும், அதனால கை பழகுற வரைக்கும் கிடைக்கிற மெதுமரத்துல செதுக்கிப் பழகுங்க, அத தூக்கிப் போட மனசு வலிக்காது. இந்தக் கடிதத்தோட 17 இன்ச் மேல்பலகைக்கு நான் வச்சிருக்குற தடிமன் அளவுகள ஒரு படமா கையால வரைஞ்சு இணைச்சிருக்கேன், எந்த இடத்துல எவ்வளவு விடணும்னு மில்லிமீட்டர்ல குறிச்சிருக்கு. பேப்பர்ல இடம் இருந்தா போடுங்க. இல்லைன்னா கேட்டு எழுதுற வாசகர்களுக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு காப்பி அனுப்பிட்டா போதும், அதுக்கு என்கிட்ட அனுமதி கேக்க வேண்டியதில்ல.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மிச்சிகன், அமெரிக்கா